டேங்க் கிளீனர் என்று ஒரு மீன் இல்லை

"ஒரு டேங்க் கிளீனர் போட்டா போதும் சேர், தொட்டிய கழுவவே தேவையில்ல."

மீன் விற்கிற இடங்களில் இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. விற்பவருக்கு வியாபாரம். வாங்குகிறவருக்கு வேலை மிச்சம் என்ற ஆசை. நடுவில் சாவது மீன்.

எதைத் தின்றாலும் மீன் கழிக்கத்தான் செய்யும். இன்னொரு மீன் போட்டால் அழுக்கு கூடுமே தவிரக் குறையாது. அந்த அமோனியாவை மணலிலும் பில்டரிலும் இருக்கிற பற்றீரியா நைத்திரேற்றாக மாற்றுகிறது, செடி அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை வாராவாரம் தண்ணீர் மாற்றி நாங்கள்தான் வெளியேற்ற வேண்டும். வகுப்பில் நைதரசன் வட்டம் படிப்பித்துவிட்டு, வராந்தாவில் இருக்கிற பள்ளிக்கூடத் தொட்டியில் மீனைத் துடைப்பமாக்கினால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

கொரிடோரஸையும் இந்தக் கணக்கில்தான் விற்கிறார்கள். அது பாசி தின்கிற மீனே அல்ல. மேலே நீந்துகிறவை தின்று மிஞ்சியதை மட்டும் நம்பி விட்டால் வயிறு ஒட்டிப்போய்ச் சாகும். அடியில் போய் விழுகிற தீனி அதற்கென்று தனியாகப் போட வேண்டும், விளக்கை அணைத்த பிறகு போட்டால் இன்னும் நல்லது. மணலை வாயால் அள்ளிச் செவுள் வழியே விட்டுத்தான் அது இரை தேடும். கூரான கலர் கல்லில் அதன் மீசை தேய்ந்துவிடும். அழுக்கு மண்டிய அடியிலும் மீசை புண்ணாகும். சுத்தம் செய்ய வாங்கிய மீனுக்கு அழுக்கே எமன்! ஒன்று இரண்டு வாங்காதீர்கள், ஆறாவது வேண்டும்.

நுண்மணல் செடிக்கும் பொருந்தும். உலகமெங்கும் தொட்டிகளில் வளர்க்கிற கிரிப்டோகோரைன் வென்டி எங்கள் நாட்டுக்கே உரிய செடி. பிடுங்கிப் பிடுங்கி நட்டால் அதன் இலை கரைந்துவிடும். வேர் பிடித்துவிட்டால் கொரிடோரஸ் அதை ஒன்றும் செய்யாது.

டேங்க் கிளீனர் அப்படியல்ல. தென்னமெரிக்க மீன், ஒரு அடிக்கு மேல் வளரும், செடியைப் பெயர்த்தெறியும். அப்போது "பாவம், உயிரோட விடுவோம்" என்று ஓயாவில் கொண்டுபோய் விடுகிறார்கள். எந்த ஓயா? ஹாலிஎல தண்ணீர் பதுளு ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. இலங்கையின் நீர்நிலைகளில் இந்த மீன் ஏற்கெனவே பரவிவிட்டது. கரையைத் துளைக்கிறது, அதன் முள் மீனவரின் வலையைக் கிழிக்கிறது. எங்கள் மலை ஓடைகளின் கல்லடியில் அயிரை இருக்கிறது, சிங்கள நண்பர்கள் எஹிராவா என்பார்கள். விரல் நீளம்கூட இல்லாத அதன் இடத்தில் இந்த இரும்புச் சட்டைக்காரனை விடுவதா இரக்கம்?

பூனையைக் கட்டிவைத்துத் தீனியும் போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாங்களே மேடையில் சொல்கிறோம். கண்ணாடித் தொட்டியும் கட்டிவைத்த இடம்தானே.

பெரிதாகிவிட்ட டேங்க் கிளீனர் வீட்டில் இருந்தால் ஓயாவுக்கும் குளத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர் எடுக்க மறுத்தால் அடுத்த மீனை அவரிடம் வாங்காதீர்கள்.