வலி போயிடுச்சு, கணுக்கால் தயாரா? சுளுக்குக்குப் பிறகு ஓடத் திரும்புவது எப்படி?

சென்னை மாரத்தான் நடப்பது ஜனவரி மாதம். அதற்கான நீண்ட தூரப் பயிற்சி சூடுபிடிப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான் வருகிறது. விடியும் முன் இருட்டில், தண்ணீர் தேங்கிய சாலையில், எது பள்ளம், எது மேடு என்று தெரியாமல் ஓடும்போது ஒரு அடி தப்பாக விழுந்தால் போதும். பாதம் உள்பக்கமாக மடங்கி, ‘கால் பிசகிடுச்சு’ என்று அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

அதன் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே கதை. இரண்டு நாள் ஐஸ், ஒரு வாரம் கிரேப் பேண்டேஜ், நொண்டிக்கொண்டே ஆபீஸ். 10 நாளில் வீக்கம் வடிகிறது. 15 நாளில் வலியும் இல்லை. காலண்டரைப் பார்த்தால் பந்தயத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான். ‘அதான் வலி போயிடுச்சே’ என்று ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வலி சீக்கிரம் போய்விடும். கணுக்கால் பழைய நிலைக்குத் திரும்ப அதைவிட நாளாகும். முதல்முறை கணுக்கால் சுளுக்கு ஏற்பட்டவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து, 2016-ல் வெளியான டப்ளின் ஆய்வு ஒன்றில், 40 சதவீதம் பேருக்கு நாள்பட்ட நிலையற்ற தன்மை உருவாகியிருந்தது. அதாவது, கால் அடிக்கடி மடங்குவது, நம்பி ஊன்ற முடியாதது போன்ற தொல்லைகள். ‘சுளுக்குதானே’ என்று அலட்சியமாக விடக்கூடிய எண்ணிக்கை இல்லை இது.

உள்ளே என்ன நடக்கிறது?

எலும்பையும் எலும்பையும் இணைத்துப் பிடிப்பவை லிகமென்ட் எனப்படும் தசைநார்கள். கணுக்காலின் வெளிப்பக்கத்தில் இப்படி மூன்று உள்ளன. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது, இவற்றில் முன்னால் இருப்பதுதான் பெரும்பாலும் முதலில் அடிவாங்குகிறது.

நார் இழுபட்டு நுண்ணிய அளவில் மட்டும் சேதமானால் முதல் நிலை. ஓரிரு வாரங்களில் சரியாகிவிடலாம். பாதி கிழிந்தால் இரண்டாம் நிலை. மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். முழுதாகக் கிழிந்தால் மூன்றாம் நிலை. சில மாதங்கள் கூட ஆகும். இவை அன்றாட நடமாட்டத்துக்கான கணக்கு. கிழிந்த நார் மீண்டும் வலுப்பெறும் வேலை, வலி போன பிறகும் மாதக்கணக்கில் நடந்துகொண்டேதான் இருக்கும்.

எக்ஸ்ரே தேவையா?

இதை முடிவு செய்ய, கனடாவின் ஒட்டாவாவில் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட எளிய விதிகளை உலகம் முழுவதும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் நுனியிலோ பின் விளிம்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில், நடுப்பகுதியில் புடைத்திருக்கும் எலும்பிலோ, உள்பக்க வளைவுக்கு மேலே உள்ள எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும், மருத்துவமனைக்கு வந்த பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. நொண்டியபடி நான்கு அடி நடந்தாலும் ‘நடக்க முடிகிறது’ என்றே கணக்கு.

கணுக்காலுக்குச் சற்று மேலே, இரண்டு கால் எலும்புகளும் சேரும் இடத்தில் வலி இருந்தால் அது வேறு வகைச் சுளுக்கு. குணமாக அதிக நாள் எடுக்கும் என்பதால் மருத்துவர் பார்க்காமல் ஓட்டத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது.

சுளுக்கு எடுக்கலாமா?

‘நல்லா எண்ணெய் போட்டு உருவிவிட்டா சரியாயிடும்’ என்று சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஆனால், புதிதாகக் கிழிந்த நாரை அழுத்தி உருவினால், உள்ளே கசியும் ரத்தமும் வீக்கமும் கூடத்தான் செய்யும். எலும்பு முறிவு இருப்பது தெரியாமல் இழுத்துவிட்டால் இன்னும் மோசம். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சூடான ஒத்தடமும் வேண்டாம். பிரண்டைப் பற்றோ மஞ்சள் பற்றோ போட்டுக்கொள்வது மனசுக்கு ஆறுதல் தரலாம். அதனால் கணுக்கால் ஓட்டத்துக்குத் தயாராகிவிடாது.

ஐஸும் ஓய்வும் போதுமா?

ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது. இந்த நான்கையும் சேர்த்து ‘ரைஸ்’ என்ற பெயரில் 1978-ல் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பின்னாளில், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஐஸ் வலியைக் குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை. துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்றைய அணுகுமுறை, முதல் சில நாள் காலைப் பாதுகாத்துவிட்டு, வலி அனுமதிக்கும் அளவுக்குச் சீக்கிரமே அசைக்கத் தொடங்குவது. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, கால் விரலால் காற்றில் எழுத்துகளை எழுதுவது, பிறகு மெதுவாக ஊன்றி நடப்பது. முழுதாகக் கிழிந்திருந்தால் இதையெல்லாம் எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஓடாமல் இருந்தால் ஸ்டாமினா போய்விடுமே என்று பயப்படுபவர்கள், கால் ஒத்துழைக்கும் நிலை வந்ததும் உடற்பயிற்சி சைக்கிள் ஓட்டலாம். நீச்சல் தெரிந்தவர்கள் ஆழமான தண்ணீரில் ஓடுவது போலக் காலை அசைக்கலாம்.

எல்லோரும் விட்டுவிடும் பகுதி

தசைநார் வெறும் கயிறு இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அதில் இருக்கின்றன. ஃபோனைத் திருப்பினால் ஸ்க்ரீனும் திரும்புகிறதே, அதற்குள்ளே இருக்கும் சென்சார் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சுளுக்கு வந்தால் இந்தத் தகவல் தொடர்பும் பாதிக்கப்படுகிறது. அடுத்த பள்ளத்தில் கால் மடங்கும்போது, அதைத் தடுக்க வேண்டிய தசைகள் தாமதமாக விழித்துக்கொள்கின்றன. வலி இல்லாத காலிலேயே மறுபடியும் சுளுக்கு வருவதற்கு இது முக்கியக் காரணம்.

நல்ல செய்தி, இதைப் பயிற்சியால் சரிசெய்யலாம். நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வு 2009-ல் பி.எம்.ஜே. இதழில் வெளியானது. எல்லோரும் சுளுக்குக்கு வழக்கமான சிகிச்சை எடுத்தவர்கள். ஒரு பிரிவினர் மட்டும் கூடுதலாக எட்டு வாரம் வீட்டிலேயே, யார் மேற்பார்வையும் இல்லாமல், சமநிலைப் பயிற்சி செய்தார்கள். ஓராண்டில் அவர்களில் 22 சதவீதம் பேருக்கு மீண்டும் சுளுக்கு வந்தது. பயிற்சி செய்யாதவர்களில் 33 சதவீதம்.

இதற்கு ஜிம் தேவையில்லை. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கலாம். 30 விநாடி ஆடாமல் நிற்க முடிந்தால் கண்ணை மூடிப் பார்க்கலாம். அதுவும் பழகினால் மடித்த துண்டின் மேல், தலையணையின் மேல் நின்று பார்க்கலாம். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.

ஓடலாமா என்று எப்படித் தெரியும்?

இந்த ஐந்தையும் இரண்டு காலிலும் செய்து, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்:

• 30 நிமிடம் வேகமாக நடந்த பிறகு, மறுநாள் காலையிலும் வலியோ வீக்கமோ கூடவில்லை.

• சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடும்போது, இரண்டு பாதமும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன.

• ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்க முடிகிறது.

• ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது, நல்ல கால் அளவுக்கு வருகிறது.

• அதே காலில் 10 முறை குதித்தால் வலியும் இல்லை, பயமும் இல்லை.

எல்லாம் சரி என்றால், ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மொத்தம் 20 நிமிடத்தில் தொடங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள், சமதளத்தில். கடற்கரை மணலும் உடைந்த நடைபாதையும் இப்போதைக்கு வேண்டாம். மறுநாள் காலை கால் எப்படி இருக்கிறது என்பதுதான் மதிப்பெண். வீங்கியிருந்தால் ஒரு படி பின்னால் போக வேண்டும். தூரம் முதலில், வேகமும் மேடும் கடைசியில். முதல் சில மாதங்களுக்குக் கணுக்கால் பிரேஸ் அணிவதும் உதவும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் கூடவே கூடாது. காலைக் காப்பாற்றும் ஒரே எச்சரிக்கை மணியை அது அணைத்துவிடும்.

குழுக்களும் மாற வேண்டும்

ஓடுபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குழுவின் வாட்ஸ்அப்பில் ‘எப்போ வர்றீங்க?’ என்ற கேள்வி, ஸ்ட்ராவாவில் விடுபட்ட வாரங்கள், கட்டிவிட்ட பதிவுக் கட்டணம் என்று எல்லாமே அவசரப்படுத்துகின்றன. வாராவாரம் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்க்கும் குழுக்கள், வாரம் இரண்டு நாள் 10 நிமிடம் சமநிலைப் பயிற்சியையும் அட்டவணையில் சேர்க்கலாம். அடிபட்டுத் திரும்புபவரிடம் ‘வலி போயிடுச்சா?’ என்பதோடு, ‘ஒற்றைக் காலில் நிக்க முடியுதா?’ என்றும் கேட்கலாம். முடியவில்லை என்றால் இந்த ஜனவரியை விட்டுவிடச் சொல்வதுதான் உண்மையான அக்கறை. பந்தயம் அடுத்த ஆண்டும் நடக்கும். அதற்குள் அந்தக் கால் திரும்பத் திரும்ப மடங்காமல் இருக்க வேண்டும்.