ஸ்கோர் பார்த்து ஏமாறாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, கடைக்கோ சிறு தொழிலுக்கோ ஒரு வெப்சைட்டும் தொடங்கியவர்களுக்கு, கொஞ்ச நாளிலேயே முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து இ-மெயில் வரும். உங்கள் வெப்சைட்டைச் சோதித்தோம், 100க்கு 38தான் வாங்கியிருக்கிறது, இப்படியே விட்டால் கூகுளில் யாருக்கும் தெரியாது என்று அதில் இருக்கும். கூடவே சிவப்பு வட்டம் போட்ட ஒரு ரிப்போர்ட். பையனின் மார்க் ஷீட்டில் சிவப்பு மையைப் பார்த்தது போல நமக்கும் உதறல் எடுக்கும். கேட்ட பணத்தைக் கட்டி, பச்சை வட்டம் வாங்கிய பிறகுதான் தூக்கம் வரும்.

அந்த ரிப்போர்ட்டை எடுக்கக் காசே வேண்டாம். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் பக்கத்துக்குப் போய் உங்கள் வெப்சைட் முகவரியை டைப் செய்தால், ஒரு நிமிடத்தில் நீங்களே எடுத்துவிடலாம். உள்ளே வேலை செய்வது லைட்ஹவுஸ் என்ற இலவச மென்பொருள். 0 முதல் 49 வரை சிவப்பு, 50 முதல் 89 வரை ஆரஞ்சு, 90 முதல் பச்சை. வேகத்துக்கு ஒரு மார்க், தேடுபொறிக்கு ஏற்றதாக இருக்கிறதா என்பதற்கு வேறொரு மார்க் என்று தனித்தனியாகத் தரும். பயமுறுத்தும் மெயில்களில் வருவது பெரும்பாலும் வேகத்துக்கான மார்க். சுமாரான மொபைல், சுமாரான நெட் என்று கற்பனை செய்துகொண்டு போடும் மார்க் அது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறினால் ஆச்சரியப்படாதீர்கள்.

தேடுபொறிக்கான மார்க்கில்தான் நாம் ஏமாறுகிறோம். பக்கத்துக்குத் தலைப்பு இருக்கிறதா, விவரக்குறிப்பு இருக்கிறதா, தேடுபொறியை உள்ளே வர விடுகிறதா என்பது போன்ற அடிப்படைகளை மட்டுமே அது பார்க்கிறது. பரீட்சைத் தாளில் பெயரும் பதிவு எண்ணும் சரியாக எழுதியதற்கு மார்க் போடுவது போல! விடை எழுதியிருக்கிறீர்களா என்று அது பார்ப்பதில்லை. 100க்கு 100 வாங்கிய வெப்சைட், தமிழில் தேடும் ஒருவர் கண்ணில் படாமலே இருக்க முடியும்.

தமிழ் இணையத்துக்கு இது புதிதல்ல. 2000த்தின் தொடக்கத்தில் ஒவ்வொரு பத்திரிகை வெப்சைட்டும் ஒரு ஃபான்ட் வைத்திருந்தது. அதை டவுன்லோடு செய்தால்தான் படிக்க முடியும், இல்லாவிட்டால் பூச்சி பூச்சியாகத் தெரியும். சில தளங்கள் டைனமிக் ஃபான்ட் என்ற ஏற்பாட்டால், டவுன்லோடு செய்யாமலே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் படிக்க வைத்தன. மனிதர் கண்ணுக்கு அழகான தமிழ். ஆனால் கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருந்தது தமிழை அல்ல. பாமினி ஃபான்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'அம்மா' என்று அடித்தால், உள்ளே பதிவாவது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். ஃபான்ட் என்ற முகமூடி அவற்றை 'அம்மா' என்று காட்டுகிறது. கூகுள் முகமூடியைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் படிக்கிறது.

1999ல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளை அறிவித்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் டிஸ்கி முறையைப் பயன்படுத்தினார்கள். 1991லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. விண்டோஸ் 2000 'லதா' ஃபான்ட்டோடு வந்தது. ஆனாலும் ஊருக்கு ஒரு வழி என்றே பல வருடம் போனது. இந்த இழுபறி முடிந்ததில் நம் கோவைக்கும் பங்கு உண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடு நடந்தது, கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதையொட்டி அந்த ஜூன் மாதமே, யூனிகோடுதான் தமிழுக்கான தரம் என்று தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. யூனிகோட் இயங்காத இடங்களுக்கு மட்டும் டேஸ் 16 என்ற மாற்று முறை. ஊர்வலமும் அலங்கார வண்டிகளும்தான் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். என்னைக் கேட்டால், அந்த மாநாட்டில் வீட்டுக் கம்ப்யூட்டர் வரை வந்து சேர்ந்த விஷயம் இந்த ஆணைதான்.

ஃபான்ட் தொல்லை தீர்ந்தது, அடுத்த தொல்லையை நாமே கொண்டு வந்தோம். நம் பகுதிச் சிறு வெப்சைட்டுகள் சிலவற்றைத் திறந்து பாருங்கள். வெட் கிரைண்டர், பம்ப் செட், ஈரோட்டு மஞ்சள், பவானி ஜமக்காளம் எதுவானாலும் சரி. முகப்பில் பெரிய படம். அதன் மேல் கலர் கலராகத் தமிழ். பொருளின் பெயர், அளவு, விலை, ஊர், போன் நம்பர் எல்லாமே டி.டி.பி. சென்டரில் செய்த போஸ்டருக்குள்! தமிழ் எழுத்து என்று பக்கத்தில் ஒன்றுகூட இருக்காது. ஒன்றரை லட்சம் போட்டு மெஷின் வாங்கியவர், அதன் விவரத்தைப் படத்துக்குள் பூட்டி வைத்திருக்கிறார். தாராபுரம் பக்கத்து விவசாயி 'போர்வெல் மோட்டார் கோவை' என்று தேடினால், யாருடைய பக்கத்தில் அந்த வார்த்தைகள் எழுத்தாக இருக்கின்றனவோ அவருக்குத்தான் போன் போகும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல் கீயையும் எஃப் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில், பக்கத்தில் கண்ணால் பார்க்கும் ஒரு தமிழ் வார்த்தையை யூனிகோடில் டைப் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியும் வார்த்தையை பிரவுசர் கண்டுபிடிக்கவில்லை என்றால் அது படம், அல்லது பழைய ஃபான்ட். எது என்று தெரிய வேண்டுமா? அந்த வரியை செலக்ட் செய்து, காப்பி செய்து, நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். ஆங்கில எழுத்துகளாகக் கொட்டினால் பழைய ஃபான்ட். செலக்ட் செய்யவே முடியாவிட்டால் படம்.

அடுத்து, கூகுளில் 'சைட்' என்ற ஆங்கில வார்த்தை, ஒரு முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் உங்கள் வெப்சைட் முகவரி என்று டைப் செய்து தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வர வேண்டும். மாதக்கணக்காகியும் ஒன்றுமே வராவிட்டால், வேர்ட்பிரஸில் ஒரு செட்டிங்கைப் பாருங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்துக்குள் வர வேண்டாம் என்று சொல்லும் டிக் பெட்டி ஒன்று அதில் உண்டு. வேலை முடியும் வரை டிசைனர் அதை டிக் செய்து வைப்பார், பிறகு எடுக்க மறந்துவிடுவார். இதற்குப் போய் மாதச் சந்தா கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்!

ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. கோவை, கோயம்புத்தூர், கோயமுத்தூர், ஆங்கிலத்தில் ஒன்று. 2020 ஜூனில் அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அறிவித்து, ஒரு வாரம் போல் கழித்து அதைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். அரசுக்கே குழப்பம் என்றால் தேடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? முகவரிப் பகுதியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இயல்பாக எழுதிவிடுங்கள். கீவேர்டு என்று ஒளித்து வைக்கும் பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். தோட்டத்தில் நின்று மொபைலில் பார்ப்பவருக்கு அது நியாயமான எதிர்பார்ப்புதான். பெரும்பாலும் குற்றவாளி போட்டோ. மொபைலில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றாமல், பெயின்ட்டில் திறந்து அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து ஏற்றுங்கள். பல வெப்சைட்டுகளுக்கு இந்த ஒரு வேலையிலேயே சிவப்பு ஆரஞ்சாகும். பச்சையாக்கத்தான் தீருவேன் என்று அதற்கு மேல் செலவழிப்பதைவிட, அந்தப் போஸ்டரில் இருப்பதை உட்கார்ந்து எழுத்தாக டைப் செய்யலாம்.

இன்னும் ஒன்று. கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில், எந்தெந்த வார்த்தைகளைத் தேடும்போது உங்கள் பக்கம் வந்தது என்ற பட்டியல் கிடைக்கும். அந்த அக்கவுண்ட்டையும் டொமைன் பெயரையும் உங்கள் இ-மெயிலிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். டிசைனரின் பெயரில் இருந்தால், அவர் போன் எடுக்காத நாளில் அவற்றை உங்களாலேயே திறந்து திருத்த முடியாது.