குரல்கள் அடங்கிய பிறகு

"இப்ப ஒருத்தரும் காதுக்குள்ள கதைக்கிறதில்லையாம். மருந்தும் ஒழுங்காக் குடிக்கிறான். ஆனா புத்தகத்தைத் திறந்தா ஒரு பக்கம் தாண்டமாட்டான். கடைக்கு மூண்டு சாமான் சொல்லிவிட்டா ஒண்டோட திரும்பி வாறான். முழுச் சோம்பல்."

சைக்கோசிஸ் வந்து தணிந்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இப்படியான பேச்சைப் பலதடவை கேட்டிருக்கிறேன். சொல்பவர் பெரும்பாலும் தாய். அவரிடம் கோபத்தைவிடக் களைப்புத்தான் கூடுதலாக இருக்கும். அந்தத் தாய்மாருக்காகவே இந்த வாரம் எழுதுகிறேன்: அம்மா, அது சோம்பல் இல்லை. நோயின் ஒரு பகுதி.

ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பதும், யாரோ தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று நம்புவதும் இந்த நோயின் வெளியே தெரியும் முகங்கள். ஊர் இவற்றைத்தான் விசர் என்கிறது. மருந்து பெரும்பாலும் இவற்றைத்தான் அடக்குகிறது. வெளியே தெரியாத இன்னொரு பக்கம் உண்டு. சிந்தனையின் வேகம் குறைகிறது. கேட்டதைச் சில நிமிடம் மனதில் பிடித்துவைத்திருக்கும் ஆற்றல் தளர்கிறது. கவனம் சிதறுகிறது. ஒரு வேலையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பதென்று ஒழுங்குபடுத்த முடியாமற் போகிறது. எல்லாருக்கும் ஒரே அளவில் இது நேர்வதில்லை. ஆனால் பலருக்கு முதல் குரல் கேட்பதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. நன்றாகப் படித்த பிள்ளை உயர்தர வகுப்பில் காரணம் தெரியாமல் பின்தங்கும் காலம் சில வேளை அதுவே.

மூளையில் என்ன நடக்கிறது? 1976இல் இங்கிலாந்தில் ஈவ் ஜோன்ஸ்டனும் அவரது குழுவினரும் நீண்டகால நோயாளிகளின் மூளையை சி.ரி. ஸ்கேனில் பார்த்தபோது, உள்ளே திரவம் நிறைந்த அறைகள் சற்றுப் பெருத்திருப்பதைக் கண்டார்கள். பின்னர் எம்.ஆர்.ஐ. வந்தது. நோய் தொடங்கிய புதிதிலேயே முன்மூளையிலும் பக்க மடல்களிலும் சாம்பல் நிறப் பகுதி சராசரியில் சற்று மெலிந்திருப்பது தெரிந்தது. பருவ வயதில் எல்லாருடைய மூளையும் தேவையில்லாத நரம்பு இணைப்புகளைக் கழிக்கிறது, வயலில் நெருங்கி முளைத்த பயிரைக் கலைத்துவிடுவதுபோல. இந்தக் கழிப்பு அளவு மீறுவதே நோய்க்கு ஒரு காரணமாகலாம் என்று 1982இல் ஆய்வாளர் இர்வின் ஃபைன்பர்க் எழுதினார். 2016இல் சி4 என்ற மரபணு பற்றிய ஆய்வு அந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தது. பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் இந்த நோய் ஏன் இவ்வளவு பேரைப் பிடிக்கிறது என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரிகள். ஒரு தனிப் பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்து இது சைக்கோசிஸ் என்று எவராலும் சொல்ல முடியாது. கட்டி, காயம், தொற்று போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கவே வைத்தியர் ஸ்கேன் எழுதுவார். நகையை அடகு வைத்து ஸ்கேன் எடுத்து, "மூளையில ஒண்டும் இல்லையாம்" என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு பயமும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மன் வைத்தியர் எமில் கிரேப்லின் இதை இளம் வயதிலேயே அறிவு தேய்ந்து போகும் நோயாகக் கருதினார். முதல்முறை நோய் வந்ததிலிருந்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் வேறு கதை சொல்கின்றன. குறைந்த ஆற்றல் பலருக்கு அந்த அளவிலேயே நிற்கிறது, முதியோருக்கு வரும் மறதிநோய்போல் நிற்காமல் சரிவதில்லை. நின்ற இடத்திலிருந்து மேலே வரலாம்.

அதற்கு முதல் எதிரி தாமதம். உதாரணமாக, திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் நாற்பது கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது திரியாய். 1985இல் போரில் எரிந்து இடம்பெயர்ந்து, ஆண்டுகள் பல கழித்துத் திரும்பிய ஊர். இழப்பில்லாத வீடு அரிதான இடத்தில், ஒரு பிள்ளை மூலையில் ஒதுங்கினால் அதையும் போரின் கணக்கில் எழுதிவிடுகிறோம். குரல் கேட்கிறது என்றால் செய்வினை என்கிறோம். நூல் கட்டி, மடை வைத்து, நேர்த்தி முடித்து நகரத்து வைத்தியசாலைக்கு வரும்போது மாதங்கள் போய்விடுகின்றன. கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிற வாரத்திலேயே வைத்தியரிடமும் போங்கள்.

தாமதத்தைக் குறைக்கலாம் என்பதை நோர்வே காட்டியது. 1997 முதல் ரோகலாண்ட் மாவட்டத்தில் பத்திரிகை விளம்பரம், பாடசாலைகளில் விளக்கம், விரைந்து வந்து பார்க்கும் குழு என்று ஏற்பாடு செய்தார்கள். மற்றைய இடங்களில் நோய் தொடங்கிச் சிகிச்சை கிடைக்க இடைநிலை அளவில் 16 வாரம் எடுத்தபோது அங்கே 5 வாரம் போதுமாயிருந்தது. விளம்பரத்தை நிறுத்தியதும் தாமதம் மீண்டும் கூடியது.

நம்மிடமும் ஒரு பலம் உண்டு: குடும்பம். 1984இல் மனநல வைத்தியர் சாரதா மேனன் தொடங்கிய சென்னையின் ஸ்கார்ஃப் உளநல நிறுவனமும் கனடாவின் மொன்றியல் குழுவும், முதல்முறை சைக்கோசிஸ் வந்தவர்களை ஒவ்வொரு நகரத்திலும் 160க்கு மேற்பட்டவர்களாகச் சேர்த்து இரண்டு ஆண்டு ஒரேவிதமாகப் பராமரித்தன. குரலும் சந்தேகமும் இரு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிந்தன. ஆனால் ஆர்வமின்மை, ஒதுங்குதல், பேச்சுக் குறைதல் ஆகியவற்றில் சென்னையில் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. அங்கே குடும்பங்கள் சிகிச்சையோடு நெருங்கி நின்றதை ஆய்வாளர்கள் முக்கியமாகக் குறிப்பிட்டார்கள். 1970களில் இலங்கை நோயாளிகளை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வாளர் நான்சி வாக்ஸ்லரும், பிள்ளை சுகமாகிவிடும் என்ற வீட்டாரின் நம்பிக்கையே நோயாளிகளைத் தூக்கிவிட்டது என்று எழுதினார்.

அந்த நம்பிக்கையைச் செயலில் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். மூன்று சாமான் என்றால் துண்டில் எழுதிக் கொடுங்கள். பத்து நிமிடப் படிப்பில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். தினமும் வேர்க்க நடக்கவோ சைக்கிள் ஓடவோ விடுங்கள், உடற்பயிற்சி மூளைக்கும் உதவுகிறது. கஞ்சா பக்கம் போக விடாதீர்கள். மருந்தால் வரும் கை நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் கொடுக்கும் பென்ஸ்ஹெக்சோல் மாத்திரை ஞாபகசக்தியைக் குறைக்கக்கூடியது. அது இன்னும் தேவையா என்று கிளினிக்கில் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். மற்றவர் முன்னால் "சோம்பேறி" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு பஸ் பிடித்து, ஒருநாள் கூலியை இழந்துதான் கிளினிக்குக்கு வர வேண்டுமென்றால் மருந்து நின்றுபோகும். உளநல கிளினிக் திரியாய்க்கு அருகே குச்சவெளிப் பக்கத்திலேயே மாதம் தவறாமல் நடக்க வேண்டும். குரல் நின்றதா என்பதோடு, பிள்ளை படிக்கிறதா, வேலைக்குப் போகிறதா என்றும் அங்கே கேட்க வேண்டும். பாடசாலை ஆசிரியர்களுக்கு ஆரம்ப அறிகுறிகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் ஒரு பிள்ளை திடீரென ஒதுங்கி, நித்திரையில்லாமல், தனக்குத்தானே கதைக்கத் தொடங்கினால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். சிகிச்சை இலவசம். முதலில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926. அடுத்த பூசை வரை, அடுத்த அறுவடை வரை என்று காத்திராதீர்கள்.