தழும்பு சிறிதானால் ஓய்வும் சிறிதாகுமா?

விஞ்ஞானம் மனிதனின் வேதனையைக் குறைத்திருக்கிறது என்பதை எவரும் மறுக்கார். குடலிறக்க நோயையே எடுத்துக்கொள்வோம். 1887இல் இத்தாலியச் சத்திரவைத்தியர் பசினி வெளியிட்ட முறையில், அடிவயிற்றை நீளக் கீறித் தசையைக் கவட்டுத் தசைநாரோடு தைத்தார்கள். 1990களில் பரவிய நுண்துளைச் சத்திரசிகிச்சைக்கு மூன்று சிறு துளைகளே போதும். ஒன்றின் வழியே கமராவும் ஏனையவற்றின் வழியே கருவிகளும் செல்கின்றன. பலவீனமான தசைச்சுவரை ஒரு வலை தாங்குகிறது. நோயாளி பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறான்.

மகத்தான சாதனைதான். ஆனால் அவன் எந்த வீட்டுக்குத் திரும்புகிறான்?

தெரணியகலையிலோ பலாங்கொடையிலோ உள்ள ஒரு தோட்டத்து லயத்தை நினைத்துப் பாருங்கள். "மெல்ல நட, முக்காதே, பாரம் தூக்காதே" என்கிறார் வைத்தியர். செங்குத்தான படியும், வெளியே இருக்கும் மலசலகூடமும், பீலியிலிருந்து சுமக்கவேண்டிய தண்ணீரும் வேறு கட்டளை இடுகின்றன. காய்ச்சல் கண்டாலோ, வீக்கம் பெருகினாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்பதும் வைத்தியரின் எச்சரிக்கை. இரவில் மலையிலிருந்து இறங்க வண்டி எங்கே?

நோவு இடங்கொடுத்ததும் வழமையான வேலைக்குத் திரும்பலாம் என்று 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டி கூறுகிறது. அதாவது, உடலே தீர்ப்புச் சொல்லவேண்டும். ஆயின், தோட்டத்திலே தீர்ப்புச் சொல்வது செக்ரோல். பிரட்டுக்கு வராதவனுக்குப் பெயர் இல்லை; பெயர் இல்லாதவனுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே பால்வாளியைச் சில வாரங்கள் தொடவேண்டாம் என்ற அறிவுரை, கடைக் கடனின் முன்னால் செல்லாக்காசாகிறது.

இங்கே ஒரு கொடிய முரண்பாடு இருக்கிறது. பழைய நீண்ட தழும்பு தொழிலாளியின் பக்கம் சாட்சியாவது சொன்னது. துளை ஆறிப்போனதும், "காயமே இல்லையே, ஏன் படுத்திருக்கிறாய்?" என்று கேட்பது எளிதாகிவிடுகிறது. உள்ளே வலையோடு தசை இறுகச் சில வாரங்கள் செல்லும் என்பது வெளியே தெரிவதில்லை. நோயாளிக்கு நலம்செய்ய வந்த கண்டுபிடிப்பு, அவனை விரைவாக மலைக்கு ஏற்றும் கருவியாக மாறுகிறது.

"அரசாங்க ஆஸ்பத்திரியில் யாவும் இலவசம், இன்னும் என்ன வேண்டும்?" என்பார் சிலர். சிகிச்சை இலவசம், ஓய்வு இலவசமன்று. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், நாட்சம்பளத்தை ரூ. 1350இலிருந்து 1550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு ரூ. 200 வருகைக் கொடுப்பனவும் தர முன்மொழிந்தது. அந்தக் கணக்கிற்கூட, வாரத்துக்கு ஆறு நாள் வீதம் நான்கு வார ஓய்வின் விலை ரூ. 42,000. வருகைக்குப் பரிசு உண்டு, குணமடைவதற்கு இல்லை!

1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம், கடைச் சிப்பந்திக்குச் சம்பளத்துடன் விடுமுறை வழங்கியது. மலையில் உழைப்பவன் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறான். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் விபத்தில் நேர்ந்த காயத்தை விசாரிக்கிறது. பல்லாண்டுகளாகச் சுமந்து நைந்த உடலுக்கு எந்த நாளை விபத்து நாளாகக் காட்டுவது?

ஆசிரியர்களாகிய நாம் வைத்தியச் சான்றிதழ் கொடுத்துவிட்டுக் கட்டிலில் கிடக்கலாம். மாதமுடிவில் சம்பளம் வந்துவிடும். அந்த உரிமையை நமக்கு எவரும் கருணையால் தரவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வாரங்களுக்குச் சம்பளம், அதன்பின் பாரமற்ற இலகு வேலை, வைத்தியரின் கடிதம் தோட்ட நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் என்ற சட்டம் — இம்மூன்றும் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்களின் கோரிக்கையாக வேண்டும். தகப்பன் படுத்ததும் மூத்த மகன் பள்ளியை விட்டு நின்றால், வகுப்பில் வெறுமையாகும் அந்த இருக்கைக்கு முன்னால் பாடம் நடத்தப்போவது நாமேயல்லவா?