ஐந்து மாடியும் ஒரு மேடையும்

கிள்ளான் வட்டாரத்தில் தமிழர் கூடும் மேடை எதுவானாலும் சரி, மைக்கைப் பிடிப்பவர் பத்தாவது நிமிடத்தில் இளைஞர்களிடம் வந்துவிடுவார். சினிமா கெடுத்தது, வீடியோ கேம் கெடுத்தது, அடிதடியைப் பார்த்துப் பார்த்து நம்ம பிள்ளைங்க குண்டர் கும்பலுக்குப் போயிட்டாங்க. கைத்தட்டல். அதே மனிதர் கொஞ்ச நேரம் கழித்து, “குங்ஃபூவே நம்மளோடதுதான், காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சொல்லிக் கொடுத்தது” என்பார். அதற்கும் கைத்தட்டல். 2011இல் ‘ஏழாம் அறிவு’ வந்தபின் இந்த இரண்டாவது கைத்தட்டல் பலமாகியிருக்கிறது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். போதிதர்மர் தென்னிந்தியர் என்பதற்குப் பழைய சீனக் குறிப்பு உண்டு. சண்டை கற்றுத்தந்தார் என்பதற்கு இல்லை. அந்தக் கதை, 17ஆம் நூற்றாண்டில் யாரோ எழுதி அவர் பெயரை ஒட்டிவிட்ட ஓர் உடற்பயிற்சி நூலில் தொடங்குகிறது. சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 1930 வாக்கிலேயே இதைப் போட்டு உடைத்துவிட்டார்.

இனி முதலாவது. திட்டுகிறவர்கள் திட்டும் பொருளை ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டாமா?

காப்பாரில் நாங்கள் ஆடியது ‘குங்ஃபூ மாஸ்டர்’. 1984இல் ஜப்பானின் ஐரெம் நிறுவனம் வெளியிட்டது. வடிவமைத்தவர் தகாஷி நிஷியாமா, பின்னால் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ செய்தவர். ஜப்பானில் இதற்கு ஜாக்கி சான் படமொன்றின் பெயரை வைத்தார்கள். ஆனால் கட்டடம் புரூஸ் லீயுடையது. அவர் முடிக்காமலே இறந்துபோன ‘கேம் ஆஃப் டெத்’ படத்தில் வரும் ஐந்து மாடிக் கோபுரம், மாடிக்கொரு காவலன்.

அடிதடி, அடிதடி என்கிறார்களே, இதில் முதலில் வருகிற ஆட்கள் அடிக்கவே மாட்டார்கள். ஓடிவந்து கட்டிப்பிடிப்பார்கள், அவ்வளவுதான். பிடியில் நிற்க நிற்க உயிர்க்கோடு இறங்கும். கைப்பிடியை ஆட்டி உதறணும். உதை தூரம் எட்டும், புள்ளி குறைவு. குத்து கிட்டே விட்டால்தான் படும், புள்ளி அதிகம். எவனை எவ்வளவு நெருங்கவிடுவது என்கிற கணக்குத்தான் மொத்த ஆட்டமும். அவசரக்காரன் கீழ்மாடியிலேயே சாவான். (முதல் மாடிக் காவலன் கையில் ஒரு கம்பு. கம்புக்காரனை அடிமட்டத்தில் நிறுத்தியதற்குச் சிலம்ப ஆசான்கள் கோபித்துக்கொண்டால் அதில் நியாயம் உண்டு.) ஐந்தும் ஏறி சில்வியாவை மீட்டால் மறுபடி முதல் மாடி, முன்னைவிடக் கடினமாக. முடிவே கிடையாது. காசு விழும் பெட்டியை அப்படித்தான் செய்வார்கள். குற்றம் சொல்வதானால் இதைச் சொல்லுங்கள், நானும் கை தட்டுகிறேன்.

பிரெஞ்சு இயக்குநர் அக்னெஸ் வர்தா 1988இல் தன் படத்துக்கே இந்த விளையாட்டின் பெயரை வைத்தார். அதில் வரும் பள்ளிக்கூடப் பையன் இந்தப் பெட்டியே கதியென்று கிடப்பவன். அவனை அவர் பார்த்தார். நம் ஆட்கள் நம் பையன்களைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

எங்கள் வரிசையில் தவுக்கே மகன் நின்றான், மலாய்க்காரப் பையன்கள் நின்றார்கள். அதே பெட்டி, அதே உதை. அவர்களை அது கெடுக்கவில்லையாம், எங்களை மட்டும் கெடுத்ததாம். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் இந்தியர் என்றபோது அந்தப் பெட்டி பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அந்தப் பையன்கள் ஏன் அந்தக் கடையில் நின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்தில் லயத்துக்குப் பக்கத்தில் திடல் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு நிலமே வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போனது. வெளியேறிய குடும்பங்களில் பலருக்குக் கிடைத்தது மலிவுவிலை அடுக்குமாடி. அதுவும் ஐந்து மாடிதான், லிஃப்ட் இல்லை. கீழே மோட்டார் நிறுத்த இடம் விட்டிருந்தார்கள். பதினைந்து வயதுப் பையன் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே போவான்? இருபது காசுக்கு ஒரு மின்விசிறியும் நாலு கூட்டாளியும் கிடைத்த இடத்துக்குப் போனான்.

மேடையில் பேசும் அண்ணன்மாரே, தோட்டம் கைமாறிய நாளில் பிள்ளைகளின் திடலுக்கென்று ஓர் ஏக்கர் கேட்டு உங்கள் சங்கம் எழுதிய கடிதம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் நகல் அனுப்புங்கள்.