பதறினோம், பிறகு?

2009 மே 13, விருதுநகர் மக்களவைத் தொகுதியில் வாக்குப்பதிவு நாள். கத்திரி வெயிலில் சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூட வாசல்களில் வாக்காளர்கள் வரிசையில் நின்றார்கள். அங்கிருந்து கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில், முள்ளிவாய்க்காலின் தற்காலிக மருத்துவமனை மீது முதல் நாளும் அன்றைக்கும் எறிகணைகள் விழுந்தன. நாங்கள் சுடவில்லை என்றது கொழும்பு. மூன்று நாளில் இங்கே வாக்கு எண்ணி முடித்தார்கள். அங்கே அதற்கடுத்த சில நாட்களில் போரையே முடித்துவிட்டார்கள்.

அந்தப் போரின் படங்களை இந்தத் தொகுதி பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வன்னியில் சிதறிக் கிடந்த உடல்கள் குறுந்தகடுகளில் ஊர் ஊராகச் சுற்றின. ஈழத்துக்காகத் தமிழ்நாட்டில் மிக உரக்கப் பேசிய தலைவர்களில் ஒருவரான வைகோதான் இங்கே வேட்பாளர். காங்கிரஸின் மாணிக்கம் தாகூரிடம் அவர் 15,764 வாக்குகளில் தோற்றார். தமிழ்நாட்டு வாக்காளருக்கு ஈழம் ஒரு பொருட்டே இல்லை என்று அப்போது பலர் முடிவு கட்டினார்கள். அந்த முடிவை நாம் ஏற்கவில்லை.

வாக்காளர் முன்னால் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம், போரை நிறுத்தச் சொல்லி அழுத்தம் கொடுக்காத மத்திய அரசின் கட்சி. அதன் கூட்டாளியான முதல்வர் கருணாநிதி ஏப்ரல் 27 அன்று மெரினாவில் காலையில் உண்ணாவிரதம் தொடங்கி, மதியத்துக்குள் முடித்துக்கொண்டார். மறுபக்கம், புலிகளைக் கடுமையாக எதிர்த்துவந்த ஜெயலலிதா. தேர்தலுக்குச் சில வாரம் இருக்கும்போது தனி ஈழம் அமைத்துத் தருவேன் என்றார். புலிகளை ஆதரித்துத் திருமங்கலத்தில் பேசியதற்காக வைகோவை 2002-இல் பொடா சட்டத்தில் சிறையில் தள்ளியது அவருடைய அரசுதான். அந்தத் திருமங்கலம் இப்போது இதே விருதுநகர் தொகுதியில் இருக்கிறது. சிறைக்கு அனுப்பியவரின் அணியில் நின்றுதான் சிறைக்குப் போனவர் வாக்குக் கேட்டார். பிணத்தின் படத்தைப் பார்த்து மக்களுக்கு வந்த பதைப்பு உண்மை. அதை வைத்து வாக்குக் கேட்டவர்களிடம்தான் உண்மை குறைவாக இருந்தது.

இன்னொரு கூட்டமும் இந்த மாவட்டத்தில் இருந்தது. குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு, அனுப்பன்குளம் என விருதுநகர் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. வன்னியிலும் மன்னாரிலும் உறவுகளை விட்டுவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து, செத்துக் கிடப்பது யார் என்று முகத்தைத் தேட வேண்டியிருந்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு அன்று வாக்கு இல்லை. இறந்தவர் படம் பிரசாரத்துக்கு வேண்டியிருந்தது. உயிரோடு இருந்த சொந்தக்காரரைப் பொருட்படுத்த எந்த வேட்பாளருக்கும் தேர்தல் கணக்கில் காரணம் இருக்கவில்லை.

கோரக் காட்சிகள் தமிழ்நாட்டு அரசியலைத் திருப்பியது அதுதான் முதல் முறை என்றில்லை. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் கொன்று குவிக்கப்பட்ட செய்தி வந்ததும் தமிழ்நாடே கொந்தளித்தது. அகதிகளைக் கைநீட்டி வரவேற்றது. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியோடு சிதறிய உடல்களின் படங்களை இந்த மாநிலத்தில் பார்க்காத வீடு குறைவு. அதே மக்கள், அதே நெஞ்சு, ஆனால் இம்முறை கோபம் எதிர்த்திசையில் பாய்ந்தது. கொலை செய்தது ஓர் இயக்கம், விலை கொடுத்தது முகாம். கண்காணிப்பு இறுகியது. 1992-இல் அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. விருப்பம் கேட்டுத்தான் அனுப்புகிறோம் என்று அரசு சொன்னதை அப்போதே பலர் நம்பவில்லை. ஆக, படம் நமக்குள் ஒரு வெப்பத்தைக் கிளப்பும். அந்த வெப்பத்தில் யார் சோறாக்கிக்கொள்வது என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

2013 பிப்ரவரியில் வெளியான பாலச்சந்திரன் படங்களை மறந்திருக்க மாட்டோம். பிரபாகரனின் 12 வயது மகன் ஒரு பதுங்கு குழியில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கிறான். அடுத்த படத்தில் மார்பில் குண்டுத் துளைகளோடு கிடக்கிறான். இலங்கை ராணுவம் மறுத்தது. மார்ச் 8-இல் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மாநிலம் முழுக்கக் கல்லூரிகள் கிளம்பின. எந்தக் கட்சியின் கொடியையும் அவர்கள் தூக்கவில்லை. மார்ச் 19-இல் திமுக மத்திய அரசிலிருந்து வெளியேறியது. 21-ஆம் தேதி ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமை அவையில், இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. நமது பதைப்பு ஒரு நாட்டின் வாக்கை அசைத்த அபூர்வமான தருணங்களில் அது ஒன்று. மறுப்பதற்கில்லை.

ஆனால் அதன் ஆயுள் ஓராண்டுதான். 2014 மார்ச்சில் சர்வதேச விசாரணையைக் கோரும் தீர்மானம் அதே அவைக்கு வந்தபோது இந்தியா ஒதுங்கிக்கொண்டது. 2021 மார்ச் 23-இல் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் தீர்மானம் வந்தது; மறுபடியும் இந்தியா வாக்களிக்கவில்லை. அந்தத் தேதியைக் கவனியுங்கள். ஏப்ரல் 6-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல். தெருவெல்லாம் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. அறிக்கைகள் வந்தன, தேர்தலைப் புரட்டிப்போடும் அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. புதிதாகப் பதற ஒரு படம் அப்போது கைவசம் இல்லை, அவ்வளவுதான். படம் வந்தால் கொதிப்பது, படம் பழசானால் ஆறுவது என்ற நம் வழக்கத்தை டெல்லி நன்றாகவே படித்து வைத்திருக்கிறது.

இதை விருதுநகர் மாவட்டத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எரிந்த உடல் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 38 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் வேலையாட்களே அல்ல, வெடிச் சத்தம் கேட்டு ஓடிப்போன சுற்றுவட்டாரத்து மக்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் நாள் சின்னக்காமன்பட்டி. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றதால் தழைத்த தொழில் இது. போரின் சாயல் இன்னும் போகவில்லை. தீபாவளிக்குப் பிள்ளைகள் அணுகுண்டும் ராக்கெட்டும் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். அவற்றைச் செய்பவர்கள் மருந்து அறையில் சாகிறார்கள்.

ஒவ்வொரு விபத்திலும் தீயணைப்பு வண்டிக்கு முன்னால் செல்போன் போய்விடுகிறது. கருகிய உடல், கழன்ற கை, முகம் தெரியும்படி எடுத்த படம் எல்லாம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்த பிறகுதான், காலையில் பயர் ஆபீஸ் என்னும் பட்டாசு ஆலைக்குப் போன மகள் இனி வரமாட்டாள் என்ற தகவல் வீட்டுக்குப் போகிறது. பிறகு இரங்கல், நிவாரணத் தொகை, போர்மேன் கைது, உரிமம் நிறுத்தம். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டுச் சம்பாதிப்பவர்கள் அடுத்த சீசனில் வேறு பெயரில் வருகிறார்கள். அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தும் ஆளும் அடைத்துத் தீபாவளி ஆர்டரை முடிக்கிறார்கள். படம் பார்த்துப் பதறியவர்களில் ஒருவராவது, அந்த ஆலைக்குக் கடைசியாக எப்போது ஆய்வுக்குப் போனீர்கள் என்று தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்தைக் கேட்டதுண்டா? முள்ளிவாய்க்காலுக்கும் முதலிப்பட்டிக்கும் ஒப்புமை சொல்லவில்லை. ஒன்று போர்க்குற்றம் என்று உலகம் விசாரிக்கச் சொல்வது, மற்றது பேராசையும் அலட்சியமும். இரண்டிலும் நம்முடைய பதைப்பு செலவாகும் விதம் மட்டும் ஒன்றுபோல இருக்கிறது.

அப்படியானால் படங்களைக் காட்டவே கூடாதா? கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் பார்க்கிறார்கள், இறந்தவருக்கு மரியாதை வேண்டும் என்பது அவர்கள் நியாயம். அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்ள முடியும். பொதுமக்கள் ஒருவரும் சாகாத போர் என்று கொழும்பு சாதித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பொய்யை உடைத்ததில் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 வெளியிட்ட காட்சியில் கைகட்டப்பட்டு, நிர்வாணமாக்கப்பட்ட ஆண்கள் சுடப்பட்டார்கள். அது போலி என்றது இலங்கை. நிபுணர்களை வைத்து ஆராய்ந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. சாட்சியமாக நிற்கும் படத்துக்கு எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற விவரம் உண்டு. அதைச் சோதிக்கலாம், நீதிமன்றத்தில் வைக்கலாம். பதாகையில் ஏறிய படத்துக்கு ஓரத்தில் வட்டச் செயலாளர் பெயர்தான் உண்டு. காஸாவின் படங்கள் நாள்தோறும் வந்து விழும் காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய நான்கு நாட்களில், வீடியோ கேம் காட்சிகளைப் போர்க்களம் என்று நம்பிப் பரப்பியவர்கள் எத்தனை பேர்! எங்கிருந்து வந்தது என்று தெரியாத பிணத்தைப் பரப்புவது, உண்மையாகச் செத்தவனின் வழக்கைக் கெடுக்கும் வேலை.

பதறுவதில் நேர்மை வேண்டும் என்றால் எல்லாப் படங்களையும் பார்க்க வேண்டும். அதே ஐ.நா. குழு, புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும், சிறுவர்களைப் பிடித்துப் போருக்கு அனுப்பியதையும் எழுதியது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டு மேடைகளில் அந்தப் படங்கள் தொங்கியதில்லை.

முத்துக்குமாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 ஜனவரி 29-இல் ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லி, சென்னை சாஸ்திரி பவன் முன்னால் அவர் தீக்குளித்து இறந்தார். அவர் பதறியது பொய்யல்ல. ஆனால் அந்தச் சாவை வழியாகக் காட்டிப் பேசிய தலைவர்கள் பொறுப்பற்றவர்கள். தீப்புண்ணோடு மதுரை அரசு மருத்துவமனையில் ஓர் ஆள் சாகும்வரை படும் பாட்டைப் பார்த்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அப்படிப் பேசும் மேடைக்கு இங்கே கைதட்டல் கிடைக்கக் கூடாது.

நமது கோரிக்கைகள் பெரியவை அல்ல, எல்லாம் இந்த மாவட்டத்தோடு தொடர்புள்ளவை. முதலாவது குடியுரிமை. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் வாழ்கிறார்கள். பாதிப்பேர் இங்கேயே பிறந்தவர்கள் என்றால் வியப்பில்லை. 2021-இல் மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது, புது வீடுகள் கட்டியது, முகாமுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் வைத்தது. நல்லது. ஆனால் குடியுரிமை தர வேண்டியது டெல்லி. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டு, 65 பேரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், இந்தியா சத்திரம் அல்ல என்றது உச்ச நீதிமன்ற அமர்வு. அதே ஆண்டு செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது மத்திய அரசு. தண்டிக்க மாட்டோம் என்பது ஒரு சலுகை. குடிமகன் என்பது வேறு. 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்ததை நிரூபித்துப் போராடிக் குடியுரிமை பெற்ற ஒரு பெண், திருச்சி முகாமிலிருந்து 2024-இல் முதன்முறையாக வாக்களித்ததையே பெரிய செய்தியாகப் படித்தோம் என்றால், நிலைமை எப்படி இருக்கிறது என்று புரியும்.

இரண்டாவது ஜெனீவா. யாழ்ப்பாணம் செம்மணியில் 2025-இல் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகள் 200-ஐத் தாண்டின. ஒரு குழந்தையின் எலும்போடு பள்ளிப் பை கிடைத்தது. புதுப் படங்கள் வந்துவிட்டன, மறுபடி பதறுகிறோம். இந்த முறை கேள்வி டெல்லிக்குப் போக வேண்டும்: அடுத்த வாக்கெடுப்பில் இந்தியா எந்தப் பக்கம்? இந்தத் தொகுதியின் உறுப்பினர், யாராக இருந்தாலும், நாடாளுமன்றத்தில் அதைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

மூன்றாவது நம் கையில் இருப்பது. நாட்டுக்கே காலண்டரும் போஸ்டரும் அச்சடித்துத் தரும் சிவகாசியின் அச்சக உரிமையாளர்கள், கட்சிச் சின்னத்தோடு பிணப்படம் வைத்து வரும் ஆர்டரைத் திருப்பி அனுப்பலாம். அதனால் அவர்கள் தொழில் படுத்துவிடாது. விபத்தில் இறந்தவரின் உடலைக் குடும்பம் சம்மதிக்காமல் காட்டுவதில்லை என்று இங்குள்ள செய்தியாளர்கள் முடிவெடுக்கலாம். பொதுமக்கள் கையில் படம் இருந்தால், அதை நேரம், இடத்தோடு விசாரணை அதிகாரிக்குக் கொடுங்கள், குழுவில் போடாதீர்கள்.

அடுத்த தேர்தலிலும் ஒரு வேட்பாளர் ஈழத்துப் பிணத்தின் படத்தோடு உங்கள் தெருவுக்கு வருவார். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். முதலில் குல்லூர்சந்தை முகாமுக்குப் போய், அவர்கள் குடியுரிமைக்கு என்ன செய்வீர்கள் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், அதன் பிறகு எங்கள் வாக்கைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.