கடிகாரம் சொல்லாத செய்தி

'ஸ்பீட் ஸ்கேட்டிங்' எனப்படும் பனித்தளச் சறுக்கு ஓட்டத்தை நம்மில் பலர் நேரில் கண்டதில்லை. 400 மீட்டர் சுற்றளவுள்ள பனித்தளத்தில், நீண்ட எஃகு அலகு பொருத்திய காலணிகளை அணிந்து இருவர் இருவராக ஓடுவார்கள். எல்லா இணைகளும் ஓடி முடித்த பின், மிகக் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றி பெற்றவர் ஆவார். பெண்களுக்கான 1500 மீட்டர் ஓட்டம் இதில் நடுத்தர தூர ஓட்டம். மூன்றே முக்கால் சுற்று.

2018-இல் தென் கொரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்த ஓட்டத்தை நெதர்லாந்தின் ஐரீன் வூஸ்ட் 1 நிமிடம் 54.35 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். ஜப்பானின் மிஹோ தகாகி 1 நிமிடம் 54.55 வினாடியில் இரண்டாவதாக வந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் தகாகி அதே தூரத்தை 1 நிமிடம் 49.83 வினாடியில் கடந்தார். 1 நிமிடம் 50 வினாடிக்குள் ஓடிய முதல் பெண் அவரே. ஆனால் 2022-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவருக்கு 1 நிமிடம் 53.72 வினாடி பிடித்தது. 1 நிமிடம் 53.28 வினாடியில் ஓடிய வூஸ்டே மீண்டும் முதலிடம் பெற்றார்.

எண்களை மட்டும் பார்க்கும் மாணவர் என்ன சொல்வார்? தகாகி ஒரே ஆண்டில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டு, பிறகு தளர்ந்துவிட்டார் என்பார். வூஸ்டின் தங்கப் பதக்கங்கள் மெதுவான ஓட்டங்களுக்குக் கிடைத்தவை என்பார். இரண்டுமே தவறான முடிவுகள் என்பது என் கருத்து.

காரணத்தைக் காற்றில் தேட வேண்டும். மணிக்கு 47 கி.மீ. வேகத்தில் சறுக்குபவருக்குப் பனியின் உராய்வு சிறு தடையே, பெருந்தடை காற்றுதான். காற்றின் தடைவிசை அதன் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. அதை வெல்லச் செலவிடும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட, 33 விழுக்காடு அதிகத் திறன் வேண்டும்!

2018-இல் போட்டி நடந்த காங்நுங் ஒரு கடற்கரை நகரம். சால்ட் லேக் சிட்டியின் பனித்தளமோ கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. காற்று மட்டுமே தடை எனக் கொண்டால், அதே திறனுடன் ஓடுபவரின் வேகம் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடும். பனியின் உராய்வும், உயரத்தில் உயிர்வளி குறைவதால் உடலுக்கு ஏற்படும் சிரமமும் அந்த ஆதாயத்தைக் கொஞ்சம் குறைக்கும். தகாகியின் வேகம் உண்மையில் கூடியது நான்கு விழுக்காட்டுக்குச் சற்று மேல். கணக்கும் களமும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன, பாருங்கள்!

இதனால் அவருடைய சாதனை குறைந்துவிடுமா? குறையாது. அதே மெல்லிய காற்று அங்கு ஓடிய எல்லாருக்கும் கிடைத்தது. அந்த எல்லையை முதலில் தாண்டியவர் அவர் ஒருவரே. ஆனால் வெவ்வேறு காற்றில் ஓடிய நேரங்களை ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக அடுக்கி, இவர் உயர்ந்தவர், அவர் தாழ்ந்தவர் என்று தீர்ப்புக் கூறுவது அறிவியல் அன்று. ஒரே நாளில், ஒரே அரங்கில் ஓடியவர்களை ஒப்பிடுவதே நியாயம். அந்த ஒப்பீட்டில்தான் 2018-இல் வூஸ்ட் 0.20 வினாடியில் வென்றார். அந்த வேகத்தில் அது இரண்டரை மீட்டருக்குச் சற்று அதிகமான தூரமே.

ஒலியின் வேகத்தை அளக்கும் மாணவரிடம், அறையின் வெப்பநிலையையும் குறிக்கச் சொல்கிறோம். அது இல்லாவிட்டால் விடை முழுமையாகாது. செய்தித்தாள்களும் பொது அறிவு நூல்களும் வெளியிடும் சாதனைப் பட்டியல்களுக்கும் இதே விதி வேண்டும். நேரத்துக்குப் பக்கத்தில் இடத்தின் உயரத்தையும் காற்றழுத்தத்தையும் அச்சிட இன்னும் இரண்டு பத்திகள் போதும். அதுவரை, எந்த எண்ணைக் கண்டாலும் அது எந்தச் சூழ்நிலையில் அளக்கப்பட்டது என்று கேளுங்கள். அப்படிக் கேட்காமல் ஒருவரின் திறமையை அளக்க முற்பட்டால், உழைத்தவருக்கு நாம் அநீதி இழைத்தவர்கள் ஆவோம்.